சந்தனம் அடைத்த வாய்

எங்கள் பக்கத்தில் ஒருவரை நீங்கள் ஏமாற்றலாம், அலையவிடலாம், அவர் சோற்றில் மண்ணைக்கூடப் போடலாம். அதையெல்லாம் செய்யும்போது வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போட்டுவிட்டால் நீங்கள் தங்கமான மனிதர். 'ங்க' போடாமல் நியாயம் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு வாய்த்துடுக்கு என்று பெயர் வைத்துவிடுவார்கள். எங்கள் ஊர் கணபதியில் என் எதிர்வீட்டுச் சாந்தாமணி அக்காவுக்கு அதுதான் நடந்தது. அவருக்கு அதைச் செய்தவன் பெயர் வெங்கடபதி. கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். ஊரே அவனுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்ததால் நான் கொடுப்பதாக இல்லை.

சாந்தாமணி அக்கா அவிநாசியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கதிர்வேலுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கதிர்வேல் அண்ணனுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கான உருப்படிகளைக் கடைந்து கொடுப்பார். நாளெல்லாம் இரும்பு கீச்சிடும், துவைத்துக் காயப்போட்ட சேலையில் இரும்புத்தூள் ஒட்டும். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு, லேத்துக்குக்கூட 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தார் அண்ணன். அக்காவுக்குத்தான் பெயர் கிடையாது. வருகிறவர்களுக்கு அவர் 'கதிர்வேல் சம்சாரம்', மகளின் தோழிகளுக்கு 'லோகா அம்மா'. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பிறகு அவர் பெயரை வேறு எங்கும் பார்த்ததில்லை என்று ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூற்று நான்கில் மகள் லோகப்பிரியா கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துப் படித்தாள். வீட்டில் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தாள். அண்ணன்தான் வெங்கடபதியிடம் சொல்லி வாங்கிப் போட்டார். பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டி அல்ல, அவனே உதிரி சாமான்களைக் கோத்து மாட்டிக் கொடுத்தது. உள்ளே இருந்தது எந்த ஊர்ச் சரக்கு என்று சாமிக்குத்தான் தெரியும். படிப்பு முடிந்ததும் லோகப்பிரியாவைப் பெருந்துறையில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் போனாள், பெட்டி போகவில்லை. அக்கா அதற்குப் பச்சைக்கிளி பின்னிய உறை தைத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. இவ்வளவு மரியாதை வாங்கிக்கொண்டு இவ்வளவு மோசமாக வேலை செய்த ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மானிட்டர் திடீரென்று பச்சைப் பசேலென்று ஆகிவிடும். மண்டையில் ஒன்று போட்டால்தான் மற்ற நிறங்கள் திரும்பி வரும். கரண்ட் போனால் காப்பாற்றும் என்று சொல்லி ஒரு யுபிஎஸ்ஸையும் வெங்கடபதி இவர்கள் தலையில் கட்டியிருந்தான். கரண்ட் போனதும் அது ஒரு கூப்பாடு போட்டுவிட்டுப் பெட்டியை முந்திக்கொண்டு தானே செத்துவிடும். எல்லாவற்றிலும் கொடுமை அந்த மவுஸ். அடியில் உருண்டை இருக்குமே, அந்தக் காலத்து மவுஸ். பட்டறை இரும்புத்தூள் உள்ளே புகுந்து சுற்றிக்கொள்ளும். கோடு இழுக்கும்போது நடுவில் ஒரு வெட்டு வெட்டி இடப்பக்கம் இழுக்கும், முரட்டு மாட்டைப் பிடித்து நடத்துகிற மாதிரி.

ஒவ்வொன்றுக்கும் அக்கா கடைக்குப் போன் போடுவார். "வாரேனுங்கக்கா" என்பான். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்படுகிறவரும் 'வாரேன்' என்றுதான் சொல்வார். அவன் அந்த 'வாரேனை'த்தான் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது புரிவதற்குள் வாரண்டி முடிந்துபோனது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, இவன் பழத்தை உரித்து வாயில் ஊட்டிவிட்டு ஏற்றுவான்.

தூசி தட்டப் போன ஒருநாள் அக்கா பெட்டியைப் போட்டுப் பார்த்தார். படம் வரைய அதில் ஒரு இடம் இருந்தது. பள்ளியில் படிக்கும்போதே அக்காவுக்கு வரைவதில் நல்ல கை. முதலில் ஒரு கோழி வரைந்தார். மவுஸ் இழுத்த இழுப்பில் கோழியின் வால் கோணிக்கொண்டு போனது. அழித்தார். தடமே இல்லாமல் அழிந்தது. காகிதத்தில் அழித்தால் அழுக்கு நிற்கும், இதில் ஒன்றும் நிற்கவில்லையே என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு அது அவருக்கு அதிசயமாக இருந்தது.

திரும்ப வரைந்தார், திரும்ப இழுத்தது. மவுஸை மாற்றித் தரச் சொன்னதற்கு ஒரு 'வாரேனுங்க' கிடைத்தது. கடைசியில் அந்த இழுப்பையே வாலில் ஒரு சுருளாக வளைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வரைந்த எல்லா உயிர்களுக்கும் எங்காவது ஒரு இடத்தில் அந்த இடப்பக்கச் சுருள் இருக்கும். ஆட்டுக்குத் தாடியில், எருமைக் கன்றுக்குக் காதில். எல்லாம் சும்மா நிற்காது. ஆடு குடை பிடித்துக்கொண்டு போகும், கன்றுக்குட்டி ஊஞ்சல் ஆடும், கோழி மொபெட் ஓட்டும். "ஏனுங்கக்கா, கோழிக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்று நான் கேலி செய்வேன்.

அக்பர் அலி என்பவர் திருப்பூரில் பனியன்களுக்குப் படம் அச்சடிக்கிற யூனிட் வைத்திருந்தார். ஒரு உருப்படியைக் கடைந்து வாங்க அண்ணனின் பட்டறைக்கு வந்தவர், தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்து, அறையில் ஒளிர்ந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இந்த டிவில இருக்கறது ஆரு வரைஞ்சதுங்க?"

"சும்மா பொழுது போகாம நாந்தானுங்க."

"அம்மணி, இத சும்மாங்காதீங்க. கொழந்தைத் துணி ஏத்துமதி பண்றவரு ஒருத்தரு புதுப் படம் புதுப் படம்னு என்ற உசுர வாங்குறாருங்க. இதாட்டம் ஒரு கட்டு வரைஞ்சு தீவாளிக்குள்ள குடுத்துப்போடுங்க. பில்லுல உங்க பேரு என்னன்னு போடோணுமுங்க?"

"எம் பேருங்களா?" என்றார் அக்கா. அதைக் கேட்ட விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாந்தாமணின்னு போடுங்க" என்றார்.

குடை பிடித்த ஆட்டை மட்டும் பெட்டியோடு வந்த கறகற பிரிண்டரில் அடித்து மாதிரிக்கு வாங்கிப் போனார் அக்பர் அலி. மற்றதெல்லாம் பெட்டிக்குள். அக்கா ஆடி தொடங்கி வரைந்தார். சமைப்பார், அண்ணனுக்குச் சோறு போடுவார், உடனே அந்த அறைக்குள் போய்விடுவார். அண்ணன் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தார். "கண்ணு, கோழி முட்டை போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவார். முடித்ததும் எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் ஏற்றி அக்பர் அலியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ஆயுத பூசை வந்தது. அன்றைக்குக் கணபதியில் ஓடுகிற, சுற்றுகிற, கடைகிற எதுவும் சந்தனம் குங்குமத்துக்குத் தப்பாது. அண்ணன் 'பெரியவரை'க் கழுவி, மாலை போட்டு, பொட்டு வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தோடு வீட்டுக்குள் வந்தார். பட்டறைக்காரருக்கு ஒரு கணக்கு உண்டு, வாய் இருக்கிற மெசினுக்கு வாயில்தான் பொட்டு வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வாய் எது? ஃபிளாப்பி போடுகிற அந்தச் சந்துதான். பக்தி முற்றி, கை நிறையச் சந்தனத்தை வழித்து அதில் அப்பிவிட்டார். அக்கா அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

மறுநாள் சந்தனம் காய்ந்து பாறையாகியிருந்தது. ஃபிளாப்பி நுழையவில்லை. அண்ணன் உதவிக்கு வந்து லேத் பிடிக்கிற கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். பாதி போய் மாட்டிக்கொண்டது. அப்போதும் விட்டாரா? பட்டறைக் காற்றுக் குழாயை இழுத்து வந்து புஸ்ஸென்று அடித்தார். சந்தனத் தூள் முழுக்க உள்ளே போய்விட்டது. பெட்டி ஓடியது, படங்களும் இருந்தன, வெளியே எடுக்கத்தான் வழியில்லை.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டு நானும் அக்காவும் கடைக்குப் போனோம். வெங்கடபதி எழுந்து நின்று வரவேற்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான், டீ வாங்கி வரச் சொன்னான்.

"வாய்ல சந்தனம் அடைச்சுப்போச்சு கண்ணு. நல்லாச் சுத்தம் பண்ணிக் குடுங்க. உள்ள என்ற படமெல்லாம் இருக்குதுங்க, அது பத்திரமுங்க" என்றார் அக்கா.

"என்ன படமுங்கக்கா?"

பெட்டியை அங்கேயே ஓடவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார் அக்கா. பெற்ற பிள்ளையைக் காட்டுகிற பெருமை. கோழி மொபெட் ஓட்டுவதைப் பார்த்து அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். திருப்பூருக்குப் போகிறது என்று அக்காவே வாயால் சொன்னார். "ஆகட்டுங்கக்கா, கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேனுங்க" என்றான்.

பிறகு நாள்தோறும் வாரேனுங்க, வாரேனுங்க. கடைசியில் பொறுக்கமாட்டாமல் நாங்களே போனோம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"சுத்தம் பண்ணிப்போட்டேனுங்கக்கா. புதுசாட்டம் ஆயிருச்சுங்க."

பெட்டியைப் போட்டுக் காட்டினான். ஃபிளாப்பி போனது, வந்தது. அக்கா தன் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தார். ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் தேடினார், அங்கும் இல்லை. சீட்டாட்டம் மட்டும் புதிதாக இருந்தது.

"என்ற படமெல்லாம் எங்கீங்க?"

"டிஸ்க்கையே ஃபார்மேட் பண்ணிப்போட்டேனுங்க. உள்ள வைரசுங்க. நீங்கதானுங்களே நல்லாச் சுத்தம் பண்ணச் சொன்னீங்க?"

வாயைச் சுத்தம் செய்யச் சொன்னால் வயிற்றை அறுத்து எடுத்துவிட்டு, நீ சொன்னபடிதான் செய்தேன் என்கிறான். அதையும் முகத்தில் சிரிப்பு மாறாமல் சொல்கிறான். அக்கா மானிட்டரை விட்டு அவன் பக்கம் திரும்பினார். பிறகு வாயைத் திறந்தார்.

"வெங்கடபதி, எந்திரி. என்ற படத்தை எடுத்துக் குடு."

கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், ஆட்டோக்காரரிடமும் ஆட்டுக்குட்டியிடமும் 'ங்க' போட்டுப் பேசுகிறவர், முதல்முறையாக ஒரு மனிதனை மொட்டையாகப் பேசியிருந்தார். பின்னால் நின்ற ஒரு பெரிய மனிதர், "ஏனுங்கம்மா, கொஞ்சம் மருவாதியா பேசுங்க" என்றார். அந்த வெங்கடபதி கண்ணில் தண்ணீரே வைத்துக்கொண்டான். "பரவால்லீங்க, என்ற அக்காதானுங்களே, பேசுனாப் பேசிட்டுப் போறாங்க" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன், சோறே இல்லாமல் மறைத்தவன் இவன்தான்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. படம் போனதைப் பற்றி ஒரு ஜீவன் கேட்கவில்லை. 'கதிர்வேல் சம்சாரம் கடைக்காரரை வா போன்னு பேசிப்போட்டாங்களாம்' என்பதுதான் பேச்சு. இதில் அண்ணன் செய்த காரியம்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போய், "பொம்பளை தெரியாமப் பேசிப்போட்டா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வந்து அதைப் பெருந்தன்மை போல அக்காவிடமே சொன்னார். அன்றைக்கு அந்த வீட்டில் சோறு ஆக்கவில்லை, அவ்வளவுதான். நானாக இருந்திருந்தால் அந்த லேத்தின் வாயிலும் எதையாவது அப்பியிருப்பேன்.

திரும்ப வரைந்து பார்த்தார் அக்கா. முடியவில்லை. நினைவில் இருந்தது, கைக்கு வரவில்லை. தீபாவளி போனது, ஏற்றுமதிக்காரர் வேறு இடத்தில் படம் வாங்கிக்கொண்டார். அக்பர் அலி வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார். பச்சைக்கிளி உறை மறுபடியும் பெட்டி மேல் ஏறியது. அக்கா மறுபடியும் கதிர்வேல் சம்சாரம் ஆனார்.

அடுத்த வருடம் புரட்டாசி கடைசியில் அக்பர் அலி பட்டறைக்கு வந்தார். நேரே வீட்டுக்குள் வந்து, பையிலிருந்து ஒரு குழந்தைப் பனியனை எடுத்து விரித்தார். நானும் அங்கே இருந்தேன். பனியனில் ஒரு கோழி மொபெட் ஓட்டிக்கொண்டு போனது. வாலில் இடப்பக்கமாக ஒரு சுருள்.

"அம்மணி, இந்தக் கோழிய உங்கூட்டு டிவிலதானுங்களே பாத்தேன்? வேற யூனிட்டுல ஓடுதுங்க. விசாரிச்சேனுங்க. கணபதில கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறவரு ஒரு கட்டுப் படம் கொண்டாந்து வித்தாருங்களாம். தன்ற கொழுந்தியா வரைஞ்சதுன்னு சொன்னாருங்களாம். பில்லுலயும் அந்தப் புள்ள பேருதானுங்க."

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பெட்டியில் மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு துடைத்திருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்து, சாணியையும் அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அக்கா அந்தச் சுருளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மவுஸ் இழுத்த இழுப்பு. அதைக்கூட அவன் திருத்தவில்லை.

அண்ணன் பட்டறையிலிருந்து வந்து பார்த்தார். முகம் கறுத்துப்போனது. ஆனாலும் அவர் சொன்னது இது. "உடு கண்ணு. இப்பப் போயிக் கேட்டாச் சண்டைதான் வரும்."

"சண்டை எதுக்குங்க?" என்றார் அக்கா. "மருவாதியாவே போறேனுங்க."

ஆயுத பூசையன்று அக்கா பட்டுச்சேலை கட்டினார். சந்தனத்தைக் கெட்டியாக, களி பதத்துக்குக் குழைத்துப் பெரிய கிண்ணத்தில் எடுத்துக்கொண்டார். தட்டில் பொரியும் பழமும். குங்குமத்தை என்னிடம் கொடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. சந்தனத்தின் கனத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடையில் வாழை மரம் கட்டியிருந்தது. தீபாவளி வியாபாரத்துக்குப் புதுப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, மேலாக ஒரு கடுகளவு பொட்டு வைத்திருந்தான். வாய் எல்லாம் சுத்தமாக இருந்தது. வாயில் சந்தனத்தை அப்பினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? வாங்க வந்த கூட்டம் நெருக்கியது. எங்களைப் பார்த்ததும் அவன் சிரிப்பு ஒரு நொடி தடுமாறி, திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

"வாங்கக்கா, வாங்க!"

"ஏனுங்க கண்ணு, போன வருசம் மருவாதி இல்லாமப் பேசிப்போட்டேனுங்க. அதான் பூசைக்கு வந்தேனுங்க" என்று தட்டை நீட்டினார் அக்கா. "இது உங்க பையன் தேஜாவுக்குங்க."

பொரிக்கு மேல் அந்தப் பனியன் மடித்து இருந்தது, கோழி மேல்பக்கமாக. அவன் அதைப் பார்த்தான். அக்கா அதற்குள் முதல் பெட்டியின் முன் போய்க் கை நிறையச் சந்தனம் எடுத்திருந்தார்.

"என்ற ஊட்டுக்காரர் சொல்லுவாருங்க, வாய் இருக்கற மெசினுக்கு வாய்லதானுங்க வெக்கோணும்."

கட்டை விரலால் அமுக்கினார். சந்தனம் உள்ளே போனது. இன்னும் அமுக்கினார், இன்னும் போனது. நான் பின்னாலேயே குங்குமம் வைத்தேன். கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் வாய் திறந்து மூடியது. பட்டுச்சேலை கட்டி வந்த சுமங்கலி ஆயுத பூசையில் சந்தனம் வைக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கும் நாக்கு வராது. அதுவும் வியாபாரத்துக்கு வந்தவர்கள் முன்னால். அவன் ஆயுசில் யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டிய நேரத்தில் அந்த வார்த்தை அவனிடம் இல்லை.

"அக்கா... போதுமுங்கக்கா..."

"சாமி காரியத்துல போதும்னு சொல்லப்படாதுங்க."

அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. கடைசிப் பெட்டிக்கு வந்தபோது, குழந்தையோடு நின்ற ஒரு பெண் தட்டில் இருந்த பனியனைப் பார்த்துவிட்டு, "கோழி அழகா இருக்குதுங்களே, எங்கீங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"வாங்குலீங்க, வரைஞ்சதுங்க" என்றார் அக்கா. சந்தனக் கட்டை விரல் கடைசி வாய்க்கு நேராக நின்றது. "ஆரு வரைஞ்சதுன்னு இவருக்குத் தெரியுமுங்க. சொல்லுங்க கண்ணு."

வெங்கடபதி விரலைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். அந்த ஒரு பெட்டியாவது மிஞ்சும் என்று நினைத்திருப்பான்.

"இவங்கதானுங்க. சாந்தாமணி அக்காதானுங்க வரைஞ்சாங்க."

"கேட்டீங்களா அம்மணி?" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அக்கா அந்த வாயையும் அடைத்தார். மற்ற எல்லாவற்றையும் விட அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நல்லாச் சுத்தம் பண்ணிக்குங்க. வாரேனுங்க."